வைஃபையை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள்

ஒரே ஆள் தனியாக ஆடும் சிங்கிள் பிளேயர் கேமுக்கு இனி மவுசு இல்லை என்ற பேச்சு பல வருடமாக ஓடுகிறது. 2024 ஆகஸ்ட் 23ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவந்த மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதி விற்றதாக 'பிளாக் மித்: வூகோங்' என்ற சிங்கிள் பிளேயர் கேம் அன்றுதான் அறிவித்தது. அதே நாளில் சோனியின் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் 'கான்கார்ட்' வெளிவந்தது. செப்டம்பர் 6ஆம் தேதி அதன் சர்வரை மூடி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் தனியாக ஆட முடிகிற எல்லாமே தனி கேம் ஆகிவிடாது. யுபிசாஃப்டின் 'தி க்ரூ' 2014இல் வந்த கார் பந்தயம். தனியாகவே ஓட்டலாம், ஆனாலும் ஒவ்வொரு முறையும் சர்வரைத் தொட வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வர் நின்றதும் காசு கொடுத்து வாங்கியவர்களிடம் இருந்த டிஸ்க்கும் செத்துப்போனது. நம் ஊரிலுள்ள யுபிசாஃப்ட் சிங்கப்பூர் உருவாக்கிய 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' கேமிலும் ஒற்றை ஆளாகக் கப்பல் ஓட்டலாம். இணையம் இல்லையென்றால் கரையைவிட்டு நகராது.

அதனால் வாங்கியதும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கணினி கேம் விற்கும் ஸ்டீம் கடையில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். இறக்கியபின் ஒருமுறை இணையத்தோடு திறந்து மூடுங்கள். இடது மூலையிலுள்ள ஸ்டீம் மெனுவில் ஆஃப்லைனுக்கு மாறுங்கள், வைஃபையையும் அணைத்துவிட்டு மறுபடி திறங்கள். லாகின் திரையிலேயே நின்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். கேமுக்குள் ஷேடர் (காட்சிகளை வரையும் நிரல்) தயாராகும் நேரமும் அந்த இரண்டு மணி நேரக் கணக்கில் சேரும். பழைய கணினியில் அதுவே கணிசமாகத் தின்றுவிடும், கண் வையுங்கள். வாங்கும் முன்பே கடைப் பக்கத்தின் வலப்பக்கப் பட்டியலைப் படித்தால் பாதி வேலை மிச்சம். வேறு நிறுவனத்தின் கணக்கு வேண்டுமா, டெனுவோ என்ற திருட்டு நகல் தடுப்பு இருக்கிறதா என்று அங்கேயே எழுதியிருக்கும். காக் (GOG) என்ற கேம் விற்கும் தளத்தில் இந்தத் தலைவலி குறைவு. ஆஃப்லைன் இன்ஸ்டாலரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைத்தால் பிறகு யார் தயவும் வேண்டாம்.

பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலில் டிஜிட்டலாக வாங்கியிருந்தால், செட்டிங்ஸில் பயனர் கணக்குகளுக்குள் போய் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே' இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவையும் முதல்முறை இணைக்க இணையம் தேவை. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் வைத்திருப்பவர்கள் கேம் பெட்டியின் முன்பக்க அடிப்பகுதியைப் படிக்காமல் காசை நீட்டாதீர்கள். 'கேம்-கீ கார்ட்' என்று போட்டிருந்தால் கார்டில் கேமே இல்லை, வெறும் சாவிதான். முழுக் கேமையும் இறக்க வேண்டும், ஆடும்போது கார்டையும் செருகியிருக்க வேண்டும். பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் கார்டை விற்கலாம் என்பது மட்டும் ஆறுதல்.

விலைக்கு வருவோம். அவசரப்படாமல் இருப்பதுதான் பெரிய தள்ளுபடி. ஆன்லைன் கேமில் தாமதமாகப் போனால் ஆளே இருக்காது. தனி கேமில் தாமதமாகப் போகிறவனுக்குத்தான் நல்ல பதிப்பு கிடைக்கும். 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பரில் வந்த நிலை மோசம், சோனி தன் கடையிலிருந்தே ஆறு மாதம் எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் இலவசமாக வந்தபோது அது வேறு கேம். பொறுத்தவர்கள் குறைந்த விலைக்கு அதை ஆடினார்கள். வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வரவழைத்து மிச்சம் பிடிக்கும் கணக்கு மட்டும் இப்போது அவ்வளவாக உதவாது. 400 வெள்ளிக்குக் கீழுள்ள பொருளுக்கும் 2023இலிருந்து ஜிஎஸ்டி உண்டு, இப்போது 9 விழுக்காடு.

தேசிய சேவையில் இருக்கும் பையன்களுக்குத்தான் இந்த வகை கேமை முதலில் சொல்வேன். வாரக் கடைசியில் மட்டும் முகாமிலிருந்து புக் அவுட் ஆகிறவனுக்கு, தினமும் உள்ளே வந்தால்தான் பரிசு என்கிற ஆன்லைன் கேமின் பேட்டில் பாஸ் வெறும் தண்டம். தனி கேம் விட்ட இடத்திலேயே நிற்கும். எம்ஆர்டியில் கையடக்கக் கன்சோலில் ஆடும்போது அடுத்த நிலையம் வந்தால் ஸ்லீப் பட்டனை அழுத்தி இறங்கலாம். ஆன்லைன் கேமில் அதைச் செய்தால் இணைப்பு அறுந்து ஆட்டமே போகும்.

ஆட்டம் விட்ட இடத்தைப் பதிந்துவைக்கும் சேவ் கோப்பு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதை இணையத்தில் சேமிக்கும் ஸ்டீம் கிளவுட் எல்லா கேமிலும் கிடையாது. பிஎஸ்5 கேமின் சேவ் கோப்பை யுஎஸ்பிக்கு நகலெடுக்க முடியாது, கிளவுடில் வைக்க பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். ஸ்விட்சை விற்கும்போது மைக்ரோ எஸ்டி கார்டைக் கழற்றிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கார்டில் இருப்பது கேம்தான், சேவ் கன்சோலுக்குள் இருக்கிறது. புது கன்சோல் கைக்கு வந்து, சேவ் கோப்பை அதற்கு மாற்றி முடித்தபின் பழையதை விற்பனைக்குப் போடுங்கள்.