உடம்பில் பாய்வது தோட்டா இல்லை

போன வாரம் தக்கலையில் ஒரு டீக்கடையில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தேன். வடக்கே எங்கோ நடந்த ஒரு சம்பவம், காயம்பட்டவர் உடலிலிருந்து இரண்டு தோட்டாக்களை டாக்டர்கள் அகற்றினார்கள் என்று போட்டிருந்தது. எத்தனையாவது தடவை இதைப் படிக்கிறேன் என்று எண்ணுவதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. தோட்டா என்பது கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, முன்னால் குண்டு என்று எல்லாம் சேர்ந்த முழு உருப்படி. சுட்டால் குண்டு மட்டும்தான் குழல் வழியாகப் போகும். கூடு துப்பாக்கிக்குள்ளேயே இருக்கும், இல்லையென்றால் பக்கத்தில் தெறித்து விழும். முழுத் தோட்டா ஒருவர் உடம்புக்குள் பாய வழியே கிடையாது.

பக்கத்தில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். "விஷயம் புரிஞ்சாச்சுல்லா, வார்த்தையில என்ன இருக்கு" என்றார். என் முழு வருத்தமும் அங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி விஷயத்தில் பெயரைத் தப்பாகச் சொன்னால் பொருளும் தப்பாகத்தான் கைக்கு வரும். அது எனக்கே ஒரு தடவை நடந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் பாட்டா குலசேகரம் பக்கம் ரப்பரும் மரச்சீனியும் (மரவள்ளி) போட்டிருந்தவர். லைசென்ஸ் வாங்கி ஒரு பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழல் வைத்திருந்தார், இன்று அது வாரிசு முறையில் என் பெயரில் இருக்கிறது. அவர் துப்பாக்கி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, தோக்கு என்றுதான் சொல்வார். குமரியின் மேற்குப் பக்கத்தில் வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள், மலையாளத்துக்கும் நமக்கும் பொதுவான சொல். அவருக்குப் பறந்து போவது உண்டை, பொடியாக இருந்தால் ரவை, கீழே கிடப்பது கூடு, உள்ளே இருப்பது மருந்து. ஒன்றுக்கு இன்னொன்றின் பெயர் வாயில் வராது. இத்தனைக்கும் எங்கள் பக்கம் ஆற்றில் மீனுக்குத் திரி கொளுத்திப் போடுவதையும் தோட்டா என்றே சொல்வார்கள், அதனால் எந்தத் தோட்டா என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டா பேச்சையே தொடர்வார்.

குண்டு என்ற சொல்லிலும் இதே குழப்பம். துப்பாக்கிக் குண்டும் குண்டுதான், வெடிகுண்டும் குண்டுதான். ஒரு வீட்டில் குண்டுகள் சிக்கின என்று மொட்டையாக ஒரு செய்தி வந்தால் படிப்பவர் எதை நினைத்துக்கொள்வது? குமரி துப்பாக்கிக்குப் புதிய ஊரும் இல்லை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்று, பிடிபட்ட அவர்கள் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலையே நடந்த மாவட்டம் இது. அவர் கல்லறை இன்றும் அந்தக் கோட்டைக்குள், லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்லோடு இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்பவரிடம் பீரங்கிக் குண்டு போய் விழுந்து வெடிக்கும் என்று விளக்குவது காதில் விழும். அந்தக் காலத்துப் பீரங்கிகள் பெரும்பாலும் சுட்டது கெட்டி இரும்பு உருண்டை. அது வெடிக்காது, போகிற வேகத்திலேயே சுவரை உடைக்கும்.

அப்புறம் இந்த ரைபிள். பேங்க் வாசலில் காவலர் வைத்திருக்கும் இரட்டைக்குழலை ரைபிள் என்கிறார்கள். குழலின் உள்பக்கம் திருகு வரிகள் வெட்டியிருந்தால்தான் ரைபிள். அந்த வரிதான் குண்டைச் சுழலவிட்டு நேராகப் போகவைக்கிறது. பேங்க் வாசலில் பெரும்பாலும் இருப்பது உள்ளே வழுவழுப்பான, ரவை சுடும் 12 போர், அந்த எண்ணைக் கீழே சொல்கிறேன். வளைந்த மேகசின் தெரிந்தால் உடனே ஏ.கே.47 என்று எழுதிவிடுவது இன்னொன்று. கலாஷ்னிகோவின் அந்த முதல் வடிவத்தை விட 1959இல் வந்த ஏ.கே.எம். வகைதான் உலகம் முழுக்க அதிகம் பரவியது, அதைக்கூட விட்டுவிடலாம், நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைபிளைக் கையில் வைத்திருக்கும் வீரர் படத்துக்குக் கீழேயும் அப்படியே போடுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? கிளிப்பும் மேகசினும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு ஒரே வரி: பழைய .303 ரைபிளில் 5 தோட்டா செருகிய தகட்டை மேலிருந்து வைத்து அழுத்துவார்கள், அந்தத் தகடு கிளிப், தோட்டாக்கள் போய் உட்காரும் பெட்டி மேகசின்.

.32 (அங்குலக் கணக்கில் குழல் அளவு) விஷயம் இதைவிட முக்கியம். நம் நாட்டில் லைசென்ஸ்காரர்கள் பலரிடம் இருப்பது .32 ரிவால்வரோ .32 பிஸ்டலோதான். இரண்டுக்கும் ஒரே எண், ஆனால் தோட்டா வேறு. ரிவால்வருக்கு நீளமான, அடியில் விளிம்பு அகன்ற தோட்டா. பிஸ்டலுக்குக் குட்டைத் தோட்டா, 7.65 மி.மீ. என்றும் அதைச் சொல்வார்கள். வெறுமனே ".32 குடுங்க" என்று கேட்பவரையும், எதற்கு என்று திருப்பிக் கேட்காமல் எடுத்து வைப்பவரையும் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

12 போர் என்றால் அந்த 12 என்ன? ஒரு பவுண்டு ஈயத்தை ஒரே அளவில் 12 உருண்டையாக உருட்டினால், அதில் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அது 12 போர், குறுக்களவு சுமார் 18.5 மி.மீ. அதே ஈயத்தை 20ஆக உருட்டினால் உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும். அதனால் எண் கூடக் கூடத் துப்பாக்கி சின்னது. 20 போர்தான் பெரியது என்று சத்தியம் செய்யும் ஆட்களோடு நான் வாதாடியிருக்கிறேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் போட்டால் அது நிற்காமல் வழுக்கி உள்ளே போய்க் குழல் குறுகும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு வாய் காலியாகத் தெரியும். போட மறந்துவிட்டோம் என்று நினைத்து ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், அதுவும் இடது கை பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். இந்த ஆபத்துக்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

எனக்கு நடந்தது அளவு சம்பந்தப்பட்டது. பாட்டாவின் துப்பாக்கி என் பெயருக்கு வந்த புதிதில் ஒரு கடையில் போய் 12 போர் ஒரு பெட்டி கேட்டேன். கொடுத்தார்கள், லைசென்ஸ் புத்தகத்தில் பதிந்தார்கள், வீட்டுக்கு வந்தேன். ராத்திரி குழலைக் கழற்றித் துடைக்கும்போது அடிப்பக்கத்து முத்திரைகளை டார்ச் அடித்துப் பார்த்தேன், அதில் 2½ என்று, அங்குலக் கணக்கில், பொறித்திருந்தது. அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செதுக்கியது. பெட்டியை எடுத்துப் பார்த்தால் 70 என்று இருந்தது. சரி, பொருந்துகிறதா பார்ப்போம் என்று ஒன்றை வைத்தேன். அழகாகப் போய் உட்கார்ந்தது, துப்பாக்கியும் மூடியது. எனக்கு அப்போதுதான் பயமே வந்தது. ஸ்கேலை வைத்து அளந்தேன், தோட்டா 60 மில்லிமீட்டர்கூட வரவில்லை! காரணம், அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் மடிப்பு விரிந்து நிற்கும் கூட்டின் நீளம். சுடாதபோது வாய் பூப்போல உள்ளே மடிந்திருப்பதால் குட்டையாக இருக்கும், 65 அறையிலும் தாராளமாக உட்காரும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் நெரியும், ரவையும் அடைப்பும் அந்த நெரிசலைத் தாண்ட வேண்டியிருக்கும், அழுத்தம் ஏறும். நூறு வயதை நெருங்கும் குழல் அதைத் தாங்குமா தாங்காதா என்று என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சோதிக்க எனக்கு விருப்பமில்லை. மறுநாள் கடையில் சொன்னால், "12 போர்தானே சார் கேட்டீங்க" என்றார்கள். கேட்டது அதைத்தான். கேட்கத் தெரியாமல் கேட்டேன், கொடுக்கத் தெரியாமல் கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் தோட்டாப் பெட்டி மூடியில் 65 என்று பெயிண்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

மழையையும் சொல்ல வேண்டும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, போதாததற்குக் கடல் காற்று. பழைய காகிதக் கூட்டுத் தோட்டாக்கள் ஈரம் குடித்து உப்பி அறைக்குள் போகாமல் அடம்பிடிக்கும். பாட்டா பிஸ்கட் டின்னில் போட்டு மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி வைப்பார். எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது, மரச்சீனிக் காட்டில் பன்றி இறங்கிவிட்டது என்று விரட்ட ஒரு வெடி வைக்கப் போனார், நானும் பின்னால் போனேன். விசையை இழுத்தார், "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டா அசையவில்லை. குழல் சரிவைப் பார்த்தபடியே இருக்க, உதடு மட்டும் அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன், இடது கையின் ஒரு விரலை மட்டும் தூக்கி நிறுத்திவிட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் மடித்துத் திறந்தார். "மருந்து நனைஞ்சிருந்தா உறங்கி உறங்கி முழிக்கும் மக்கா, ஒடனே தொறந்தா மூஞ்சியில வரும்" என்றார். இன்று எந்தத் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் போனாலும் இதே விதிதான், டிக் என்றால் குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டியபடி குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். இப்படி வெடிக்காமல் போவதற்குப் பெயர்தான் மிஸ்ஃபயர். ஆனால் நம் ஊரில் துடைக்கும்போது கை பட்டு வெடித்ததையும் மிஸ்ஃபயர் என்றே சொல்கிறார்கள், நேர் எதிரான அர்த்தத்தில். பெரும்பாலும் அங்கே துப்பாக்கியில் ஒரு கோளாறும் இருக்காது. உள்ளே தோட்டா இருந்தது, விசையில் விரல் இருந்தது.

இப்போது பையன்கள் மத்தியில் ஏர்கன் மோகம். நல்லதுதான், நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறவன். ஆனால் முதல் கேள்வியே "எத்தனை எஃப்.பி.எஸ். அண்ணா" என்று வருகிறது. நொடிக்கு 1200 அடி என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் எடை குறைந்த அலாய் பெல்லட்டை (ஏர்கன் குண்டு) போட்டு அளந்தது. ஒலியின் வேகத்தை ஒட்டிப் போகும் பெல்லட் தள்ளாட ஆரம்பிக்கும், குறி சிதறும். போட்டிகளில் தட்டை முகம் உள்ள ஈய பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் சுமாருக்குத்தான் போகிறது, அதாவது 600 அடிக்கும் கீழே. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது அந்த வேகத்தில்தான், குறி அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டம் என்பது வெறும் அரை மில்லிமீட்டர்.

ஸ்பிரிங் ஏர்கன்னில் பெல்லட் போடாமல் சும்மா சுடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். முன்னால் அடைப்பு இல்லாததால் காற்று மெத்தை கிடைக்காமல் பிஸ்டன் நேரே போய் மோதும், ஸ்பிரிங்கும் சீலும் போகும். அதன் மேல் கிடைத்த ஸ்கோப்பை மாட்டுவார்கள், ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் உதைப்பதால் சாதா ஸ்கோப் சீக்கிரம் கழன்றுவிடும். லைசென்ஸ் வேண்டாம் என்பதையும் பாதியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 2016 ஆயுத விதிகள்படி .177 அங்குலக் குழல் வரை, 20 ஜூல் ஆற்றல் வரைதான் அந்த விலக்கு. .22 ஏர் ரைபிளை அதே கணக்கில் சேர்த்துப் பேசுவது தப்பு. தேரூர் குளத்தில் கொக்கு சுட்டதைப் பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்த ஒரு பையனிடம் நான் சண்டையே போட்டேன். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வந்தவை. அது இல்லாவிட்டாலும் பறவையைச் சுடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது பறவைக்குப் பொருந்தாது.

எல்லாவற்றிலும் நான் அதிகம் வெறுக்கும் சொல் ஒன்று உண்டு. "காலிதான்." மார்த்தாண்டம் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம். வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து தன் ஒற்றைக்குழலை எடுத்துக் கூடத்தில் எல்லாருக்கும் காட்டினார். குழல் அப்படியே ஒரு சுற்று சுற்றி வந்தது, பாயில் உட்கார்ந்து விளையாடிய பிள்ளைகள் தலை வழியாக. நான் எழுந்து குழலைப் பிடித்து மேலே தூக்கி, "மாமா, திறந்து காட்டிட்டுக் கையில எடுங்க" என்றேன். "காலிதான் மக்ளே, இந்த வயசுல எனக்குத் தெரியாதா" என்றார். வாங்கித் திறந்தேன். காலியாகத்தான் இருந்தது. கூடமே சிரித்தது. மாமா என் முதுகில் தட்டிவிட்டு, மூடி, மறுபடியும் அதே மாதிரி ஒரு சுற்று சுற்றினார். நான் பந்தியில் உட்காராமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.