ஜெர்மனியில் பிஆர்: இருபத்தொரு மாதக் கணக்கில் நான் கோட்டைவிட்ட இரண்டு மாதம்

கோயம்புத்தூரில் என்னோடு வேலை பார்த்த பையன்கள் போன் பண்ணினால் முதலில் கேட்பது, "மாப்ள, ஜெர்மனி பிஆருக்கு எத்தனை பாயிண்ட் வேணும்?" என்பதுதான். நல்லா இருக்கியா, சாப்டியா எல்லாம் அப்புறம்.

பிஆர் என்றால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. அதற்கு இங்கே பாயிண்ட்டே கிடையாது. அது கனடா, ஆஸ்திரேலியா கணக்கு. அங்கே வயசு, படிப்பு, அனுபவம், ஐஈஎல்டிஎஸ் மார்க் எல்லாவற்றையும் கூட்டிப் போட்டு, ஊரில் இருந்தபடியே விண்ணப்பித்து, பிஆரைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறலாம். கனடாவில் முப்பது வயசு ஆனதும் வயசுக்கான மார்க் குறைய ஆரம்பிக்கும் என்பதால் என் பழைய ரூம்மேட் ஒருவன் ஒவ்வொரு பிறந்தநாளையும் துக்கநாளாகவே கொண்டாடுவான். ஜெர்மனியில் முதலில் வேலை, அந்த வேலையை வைத்து விசா, இங்கே வந்து சில வருஷம் உழைத்து, வரியும் பென்ஷனும் கட்டி, மொழி படித்து, அதற்குப் பிறகுதான் பிஆர் பேச்சு. 2024 ஜூனில் வந்த சான்சன்கார்ட்டே என்கிற அட்டைக்கு 6 பாயிண்ட் கேட்கிறார்கள், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. அது வந்து வேலை தேடிக்கொள்ள ஓராண்டு தரும் அனுமதி, அவ்வளவுதான். அதையே "ஜெர்மனி பிஆர்" என்று போர்டு போட்டு விற்கிற கன்சல்டன்சிகளும் இருக்கின்றன. என் தம்பியிடம் ஒருவர் இரண்டு லட்சம் கேட்டார். கொடுக்கவில்லை, நல்லவேளை.

இங்கே பிஆருக்கு அரசு வைத்திருக்கும் பெயர் நீடர்லாசுங்ஸ்எர்லாவ்ப்னிஸ். இதைத் தடுமாறாமல் சொல்லிவிட்டாலே கொடுத்துவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு.

நான் வந்தது 2022 பிப்ரவரியில், ப்ளூ கார்டு என்கிற பட்டதாரிகளுக்கான வேலை விசாவில். ப்ளூ கார்டுக்கு இரண்டு விஷயம் முக்கியம்: இங்கே மதிப்புள்ள பட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம். பட்டத்துக்கு அனாபின் என்றொரு தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே "எச் பிளஸ்", அதாவது அங்கீகாரம் உண்டு, என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் படித்த கல்லூரியின் பெயரைத் தேடித் தேடி இல்லை என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பட்டத்தில் இருப்பது அண்ணா பல்கலைக்கழகம்தானே, அதைத் தேட வேண்டும் என்று காலையில்தான் உறைத்தது. சம்பள வரம்பு ஆண்டுதோறும் மாறும். 2022-இல் பொதுவாக 56,400 யூரோ, ஐடி மாதிரி ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு 43,992. நடுவில் 2023 நவம்பரில் சட்டத்தைத் திருத்திக் குறைத்தார்கள், 2025-இல் அது 48,300 என்றும் 43,759.80 என்றும் வந்து நின்றது. எனக்குப் பேசியது 47,000. ஊரில் இதை ரூபாயாக்கிச் சொன்னபோது அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வரி, மருத்துவக் காப்பீடு, பென்ஷன் எல்லாம் போக மாதம் கைக்கு வந்தது சுமார் 2,500 என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்தப் பென்ஷன் பிடித்தம் இருக்கிறதே, சம்பளத்தில் 9.3 சதவீதம், கம்பெனியும் அதே அளவு கட்டும். சம்பளச் சீட்டைப் பார்த்து நான் வயிறெரிந்த பிடித்தம் அதுதான். வயசான காலத்தில் நான் எங்கே இருக்கப்போகிறேனோ, இவர்களுக்கு எதற்குக் கட்டுகிறேன் என்று. பிஆருக்கு அந்தப் பிடித்தம்தான் ஆதாரம் என்று அப்போது தெரியாது. விதி இதுதான்: ப்ளூ கார்டுக்குத் தகுதியான வேலையில் 27 மாதம், அந்த மாதங்களுக்குப் பென்ஷன் பங்கு, கூடவே ஏ1 அளவு, அதாவது ஆரம்பநிலை ஜெர்மன். அன்றாடம் சமாளிக்கிற பி1 அளவு ஜெர்மன் இருந்தால் 21 மாதமே போதும். நான் வந்த காலத்தில் ஏ1 வைத்திருப்பவர்களுக்கு 33 மாதம். 2023 நவம்பரில் 27 ஆக்கினார்கள். ப்ளூ கார்டு இல்லாமல் சாதாரணத் திறன்பணியாளர் அனுமதியில் இருப்பவர்களுக்கு மூன்று ஆண்டு, பி1 கட்டாயம். இங்கேயே எம்எஸ் முடித்துவிட்டு வேலைக்குப் போனவர்களுக்கு இரண்டு ஆண்டு.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 1 வேலையில் சேர்ந்தேன். இருபத்தொரு மாதம் கூட்டினால் 2023 அக்டோபர் கடைசி. சமையலறைச் சுவரில் முருகன் படம் போட்ட காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தோம். 2023 ஏப்ரலோடு கம்பெனி எங்கள் டீமையே கலைத்துவிட்டது. பதினைந்து மாதம் முடிந்த நிலையில் வேலை இல்லை, மனைவி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலை போனதும் கார்டு உடனே செல்லாக்காசு ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் வேலை முடியப்போகிறது என்று தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அது சட்டம். இதைப் பலர் மறைக்கிறார்கள். மறைத்து என்ன பயன், பென்ஷன் கணக்கில் எல்லாம் பளிச்சென்று தெரியத்தானே போகிறது.

ஜூலை 1 புது வேலை கிடைத்தது. அந்தக் காலத்து விதிப்படி, முதல் இரண்டு ஆண்டுக்குள் கம்பெனி மாறினால் முன் அனுமதி வாங்க வேண்டும். இப்போதைய விதிப்படி, முதல் 12 மாதத்துக்குள் மாறினால் மட்டும் சொல்ல வேண்டும், அவர்கள் 30 நாள் வரை நிறுத்தி வைத்துப் பார்க்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். இடையில் போன மே, ஜூன் இரண்டு மாதமும் வேலைவாய்ப்பு அலுவலகம் எனக்கு உதவித்தொகை கொடுத்தது, பென்ஷன் பங்கையும் அவர்களே கட்டினார்கள். ஆக, பென்ஷன் அலுவலகத்திலிருந்து வாங்கிய பட்டியலில் ஓட்டையே இல்லை. நானும் தைரியமாக நவம்பரில் விண்ணப்பித்தேன்.

டிசம்பரில் பதில் வந்தது. இரண்டே பக்கம். பங்கு கட்டியிருந்தால் மட்டும் போதாது, அந்த மாதங்களில் ப்ளூ கார்டு வேலையில் இருந்திருக்க வேண்டும், நீங்கள் இருந்தது 19 மாதம்தான், என்ன சொல்கிறீர்கள் என்று. என்னத்தைச் சொல்ல? காலண்டர் எண்ணியது நான் ஜெர்மனியில் இருந்த மாதங்களை, அவர்கள் எண்ணியது நான் வேலை பார்த்த மாதங்களை. இன்னொரு குறையும் அதில் இருந்தது, பி1 சான்றிதழ் இல்லை. அது எனக்கே தெரியும். வந்துவிடும் என்ற நம்பிக்கையில் விண்ணப்பித்துவிட்டேன்.

பி1 கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆபீஸில் எல்லாம் இங்கிலீஷ். காலையிலிருந்து மாலை வரை ஜெர்மனில் நான் பேசியது "மார்கன்" (காலை வணக்கம்), "மால்சைட்" (சாப்பாட்டு நேர வணக்கம்), "ச்சூஸ்" (போய் வரேன்) மூன்று சொல்தான். முதல் ஆண்டு முழுவதும் அப்படியே போயிற்று. கோத்தே என்கிற ஜெர்மன் மொழி நிறுவனம் நடத்தும் பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம், அந்த மட்டும் புண்ணியம். 2023 செப்டம்பரில் எழுதியதில் மூன்று பாஸ், எழுத்தில் 54. பேச்சைக் கண்டுதான் நடுங்கினேன்; முன்பின் தெரியாத ஒரு பிரேசில் பெண்ணோடு சேர்ந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு விருந்து ஏற்பாடு செய்வது போல் பேசச் சொன்னார்கள், நான் உருளைக்கிழங்கு சாலட், அவர் கேக் என்று சுமுகமாகப் பிரித்துக்கொண்டோம். எழுத்தில் மூன்றாவது கேள்வி, வகுப்பு நடத்தும் அம்மாவுக்கு வர முடியாது என்று மன்னிப்புக் கேட்டு மரியாதையான கடிதம். "மதிப்பிற்குரிய திருமதி" என்று சரியாகத்தான் ஆரம்பித்தேன், இரண்டாவது வரியிலிருந்து "ஸீ" போய் "டூ" வந்துவிட்டது. அதாவது நீங்கள் போய் நீ. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை நீ என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்து வளர்ந்தவன் செய்கிற தப்பா அது? வீட்டில் சொன்னால் மனைவி அரை மணி நேரம் சிரித்தாள். அதற்கப்புறம் தினமும் ஒரு கடிதம்: வீட்டுக்காரருக்கு ஹீட்டர் ஓடவில்லை என்று, பல் டாக்டருக்கு நேரம் மாற்றச் சொல்லி. 2024 ஜனவரியில் 78.

பிஆருக்கு வேண்டிய இன்னொன்று "ஜெர்மனியில் வாழ்க்கை" தேர்வு. 33 கேள்வி, 15 சரியாக இருந்தால் போதும், கட்டணம் 25 யூரோ, கேள்விகள் எல்லாம் முன்கூட்டியே வெளியிட்டவை. ஒரு வாரம் பஸ்ஸில் போகும்போது படித்தால் முடிந்தது.

2024 பிப்ரவரியில் மறுபடி விண்ணப்பம். இந்த முறை டிசம்பர் கடைசியோடு வேலையிலிருந்த மாதம் 21 முடிந்திருந்தது. கம்பெனியிலிருந்து வேலை உறுதிக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், பென்ஷன் பட்டியல், காப்பீட்டுச் சான்று, இரண்டு தேர்வுச் சான்று. பென்ஷன் பட்டியல் தபாலில்தான் வரும், முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில்தான் நேரம் கொடுத்தார்கள். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், மனைவியின் ஃபைல் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

காத்திருந்த அந்த மாதங்களில் ஒரு ஞாயிறு ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். தொழிற்பேட்டைக்கு நடுவே, லாரி நிற்கிற சாலையில் திரும்பினால் திடீரென்று கோபுரம். ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு செய்த கோயில். பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர், "தம்பி, விசா எப்பிடி?" என்றார். ரெண்டு வருஷமா இழுக்கிறாங்க அண்ணா என்று நான் புலம்பினேன். "எனக்குப் பதினொரு வருசம்" என்றார். "அந்த நேரம் பக்கத்து மாவட்டத்துக்குப் போறதெண்டாலும் ஒஃபிசில கடிதம் எடுக்க வேணும். மச்சாள்ட கலியாணத்துக்கு எசன் போக விடேல்ல." அப்புறம் என் தட்டில் அவரே இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னார். நான் அதற்குப் பிறகு அன்று முழுக்க விசாவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஜூனில் அலுவலகத்தில் பதினைந்து நிமிஷம். 113 யூரோ கட்டினேன், விரல் ரேகை வைத்தேன். நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன ஜெர்மன் வாக்கியங்களில் ஒன்றைக்கூட அங்கிருந்த அதிகாரி அம்மா கேட்கவில்லை. இனி கம்பெனி மாற யாரிடமும் சொல்ல வேண்டாம், தொழில் தொடங்கினாலும் சரி. ஆனால் ப்ளூ கார்டு வழியாக வந்ததால் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போய் இருந்துவிடாதே, மற்றவர்களுக்கு இது 6 மாதம் என்று மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். குடியுரிமைக்கு ஐந்து ஆண்டு. மூன்று ஆண்டில் தருகிறோம் என்று அந்த ஜூனிலேயே ஒரு வழி திறந்து 2025 அக்டோபரில் மூடியும் விட்டார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால் அந்தப் பேச்சை வீட்டில் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

ஆகஸ்டில் கார்டு வந்தது. மனைவி வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிரந்தரம்னு சொன்னே, இதுல 2027 மேனு போட்டிருக்கே?" என்றாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, உரிமைக்குத் தேதி இல்லை, அந்த பிளாஸ்டிக் அட்டைக்குத்தான் தேதி, அதுவும் என் பாஸ்போர்ட் முடிகிற தேதி. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, அதே அலுவலகத்தில் மறுபடி நேரம் வாங்கி, மறுபடி விரல் வைத்து, புது அட்டை வாங்க வேண்டும். காலண்டரில் அந்த மே மாதத்தையும் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.