நாலு சதவீதச் சார்ஜில் ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு

2023 மே மாதம். தென்னாப்பிரிக்கா முழுக்க லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு வாட்டி எடுத்துக்கொண்டிருந்தது. டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். முன்வீட்டில் ஆயா தனியாக இருந்தார். எண்பதைத் தாண்டியவர். தமிழில் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

அன்று ராத்திரி அவர் கூப்பிடும் சத்தம் கேட்டு ஓடினேன். இருட்டில் சமையலறைத் தரையில் கிடந்தார். "தம்பி, காலை அசைக்க முடியல." என் போனில் 4 சதவீதம். கரண்ட் போனதிலிருந்து அதையேதான் டார்ச்சாக வைத்துக்கொண்டு வீடியோவும் பார்த்திருந்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

ஆம்புலன்ஸுக்கு 10177 என்று தெரியும். அடித்தேன், போகவில்லை. வாட்ஸ்அப்பில் யாரையாவது பிடிக்கலாம் என்று பார்த்தால் டேட்டாவும் இல்லை. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பையன்தான் 112 அடிக்கச் சொன்னான். போனது! நம் நெட்வொர்க் படுத்துவிட்டாலும் பக்கத்தில் வேறு நெட்வொர்க்கின் கோபுரம் எட்டினால் 112 அதன் வழியாகப் போய்விடும், ஏர்டைம், அதாவது போனில் பேலன்ஸ்கூட வேண்டாம். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முகவரி?" என்றார்கள். எனக்கு வாயடைத்துவிட்டது. கோயிலைத் தாண்டி இரண்டாவது இறக்கம், நீலக் கேட். ஒன்றரை வருஷமாக நான் சொல்லிவந்த முகவரி அவ்வளவுதான். பையன் ஃபிரிட்ஜ் காந்தத்தில் செருகியிருந்த நகராட்சி பில்லை உருவி, போன் வெளிச்சத்தில் நீட்டினான். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் போன் அணைந்தது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, அப்புறம் கைத்தடி.

கோபுரங்களுக்கும் பேட்டரிதான் என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சில மணி நேரம்தான் தாங்கும். அடுத்தடுத்து கரண்ட் போனால் அது முழுசாகச் சார்ஜ் ஏற நேரமே இருக்காது. போதாக்குறைக்கு அந்தப் பேட்டரிகளைத் திருடவும் ஆள் உண்டு. சிக்னல் மெலிந்தால் போன் அதைத் தேடித் தேடியே தன் சார்ஜைத் தின்னும். அதனால் இப்போது கரண்ட் போனதும் பவர் சேவர் போட்டுவிடுகிறேன். வெளிச்சத்துக்குத் தனி டார்ச். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று கதவோரம் தொங்குகிறது, ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்குச் சார்ஜ்.

செட்டிங்ஸில் அவசரத் தகவல் என்று ஒன்று இருக்கிறது. ரத்த வகை, மருந்து, ஒவ்வாமை, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் எழுதிவைத்தால், பூட்டிய திரையிலிருந்தே மற்றவர்கள் பார்க்கலாம். பத்து நிமிஷ வேலை. நான் அதைத் தள்ளிப்போட்டது மூன்று வாரம்.

பவர் பட்டனை ஐந்து முறை தட்டினால் அவசர அழைப்பு போகும் வசதியையும் போட்டேன். அது மட்டும் உதைத்தது. நெரிசலான மினிபஸ் டாக்ஸியில் யார் முழங்கையோ இடிக்க, பாக்கெட்டுக்குள் சைரன் அலறியது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். நல்லவேளை, கவுண்ட்டவுன் முடிவதற்குள் நிறுத்திவிட்டேன். தவறிப்போய் அழைப்பு போய்விட்டால் வெட்டிவிட்டு ஓடக் கூடாது. "ஆபத்து ஒன்றுமில்லை, கைதவறிப் போய்விட்டது" என்று சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் நம்மைத் தேடத் தொடங்கலாம்.

முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதி ஆயா வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கீழே 112, 10177, போலீஸுக்கு 10111.

ஆயா மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் படுக்கையைத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். தலையணைக்கடியில் அவருடைய பழைய பட்டன் போன் கிடந்தது. அத்தனை நாள் கழித்தும் உயிரோடு இருந்தது. சார்ஜ் இரண்டு கோடு.