முகாமுக்குப் பிறகுதான் வேலை

திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் தொழிலாளர் நலன் என் பொறுப்பு. ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகிறோம். முகாம் அன்று தையல் பிரிவுப் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இந்தச் சீட்டு ஆபீசுக்குப் போகுமா மேடம்?" என்பதுதான்.

அவர்கள் பயம் நியாயமானது. முன்பெல்லாம் மைக்கில் பெயர் சொல்லி அழைப்பார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்ற பட்டியல் டைம் ஆபீஸ் மேசையிலேயே கிடக்கும். சர்க்கரை என்று தெரிந்தால் ஓவர்டைம் கிடைக்காது என்று நினைத்து, பலர் ரத்தம் கொடுக்காமலே நழுவிவிடுவார்கள். இப்போது முடிவு ஒட்டிய உறையில் அவரவர் கைக்கே போகிறது. நிர்வாகத்துக்கு மொத்த எண்ணிக்கை மட்டும்தான். இதற்காக நான் நிறைய வாதாட வேண்டியிருந்தது. இன்றும் யாராவது பெயர்ப் பட்டியல் கேட்டால் கொடுப்பதில்லை.

கூலியும் ஒரு தடை. பீஸ் ரேட்டில் தைப்பவர் மெஷினை விட்டு எழுந்தால் அன்றைய வருமானம் குறையும். முகாமில் செலவாகும் நேரத்துக்குச் சராசரிக் கூலி உண்டு என்று அறிவித்த பிறகே வரிசை நீண்டது. இலவசப் பரிசோதனைக்கு ஏன் ஆள் வரவில்லை என்று வியப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

சோதனைகளில் என்னை மிகவும் உறுத்துவது ரத்தசோகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். எங்கள் உறைகளைப் பிரித்துக் காட்டும் பெண்களிடமும் அதையே காண்கிறேன். விடியுமுன் எழுந்து வீட்டுக்கெல்லாம் சமைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் கம்பெனி வேன் ஏறுகிறவர்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் அது உடலில் சரியாகச் சேராது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள் என்று நர்ஸ் ஒவ்வொருவருக்கும் சொல்கிறார்.

தையல் ஊசி விரலில் இறங்குவது இங்கே புதிதல்ல. ஆகவே டெட்டனஸ் தடுப்பூசிக்கு யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. மஞ்சள்காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிரான தடுப்பூசிதான் சிக்கல். முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அதற்குள் ஒடிசா, பீகார் பிள்ளைகள் பலர் ஊருக்கோ வேறு கம்பெனிக்கோ போய்விடுகிறார்கள். அதனால் அவர்கள் மொழியிலேயே அட்டை எழுதிக் கொடுக்கிறோம். இடைவெளி விழுந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்பதையும் அதில் எழுதியிருக்கிறோம்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் எங்கள் ஆட்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே அழுத்தம் 140/90க்கு மேல் வந்தவர்களை வேறொரு நாளில், ஐந்து நிமிடம் அமரவைத்து மீண்டும் பார்க்கிறோம். அப்போதும் குறையாவிட்டால் அரை நாள் சம்பளத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறோம்.

அடுத்த முகாமில் முப்பது வயது கடந்த பெண்களுக்கு மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பெண் மருத்துவரும் உள்ளே தாழிடக்கூடிய அறையும் இல்லாமல் அதைத் தொடங்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். துணிக் கிடங்கை ஒட்டிய அறையை ஒழித்துத் தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. மருத்துவர் இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.