பாலாற்றில் பாசி எண்ணப் போகிறவர்களுக்கு

பாசி வகைகளை வைத்து நீரின் மாசைக் கணிக்கும் எம்.எஸ்சி. தாவரவியல் ஆய்வேட்டுக்குப் பாலாற்றை எடுத்திருக்கிறேன் என்றதும் வீட்டில் கேட்டார்கள்: "அதில் தண்ணீர் எங்கே இருக்கிறது?" நியாயமான கேள்வி. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். தலைப்பைக் கொடுப்பதற்கு முன்பே, நான்கைந்து மாதம் தண்ணீர் நிற்கும் இடங்களை நடந்து பார்த்துவிடுங்கள். நான் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தொடங்கினேன்: வாணியம்பாடி, வேலூருக்குக் கீழே ஓரிடம், வாலாஜா அணைக்கட்டு.

முதல் மாதத் தரவு குப்பைக்குப் போயிற்று. பஸ் பிடித்துப் போனதில் வாணியம்பாடியில் காலை ஏழு மணி, வாலாஜாவில் பகல் ஒரு மணி. வாலாஜாவில் கரைந்த ஆக்சிஜன் அதிகம். "சுத்தமான நீர்" என்று குறித்துவைத்தேன். உண்மையில் அது வெயிலின் வேலை. பாசி பகலில் ஆக்சிஜனை ஏற்றும், இரவில் தானே சுவாசித்து இறக்கும். பிறகு அடுத்தடுத்த நாள்களில், ஒரே நேரத்தில் எடுத்தேன். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறைக்கான மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்த்துவிடுங்கள். புட்டியில் ஒரு குமிழிகூடக் கூடாது.

பாசிக்கு இரண்டு புட்டி. ஒன்றில் பாசியைப் பதப்படுத்தும் லூகால் (அயோடின்) கரைசல் விட்டு, செட்ஜ்விக்-ராஃப்டர் என்ற எண்ணும் தகட்டில் எண்ணுவதற்கு. மற்றொன்றை எதுவும் சேர்க்காமல் அன்று மாலையே நுண்ணோக்கியில் பாருங்கள். யூக்ளினா என்ற ஒருசெல் உயிரி உயிரோடு நெளியும்போது அடையாளம் காண்பது எளிது. லூகாலில் கிடந்தால் பச்சை போய்ப் பழுப்பு உருண்டையாகிவிடும். இதைப் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை, மூன்று வாரம் வீணாக்கிக் கற்றேன்.

இனி வாய்மொழித் தேர்வு. பாமர் (Palmer) என்ற ஆய்வாளர் 1969இல் தந்த குறியீட்டின்படி, நீரில் காணும் பாசிப் பேரினங்களுக்கான மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 20ஐத் தொட்டால் கரிம மாசு, அதாவது அழுகும் கழிவு, அதிகம். வேலூரில் எனக்கு ஆசிலடோரியா 5, யூக்ளினா 5, செனடெஸ்மஸ் 4, நிட்சியா, நாவிகுலா, குளோரெல்லா தலா 3, ஆக 23. தோல் தொழிற்சாலைக் கழிவே காரணம் என்று முடித்திருந்தேன். முன்னுரையிலேயே வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் மாசு பற்றிய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெருமையாக எழுதியிருந்தேன் அல்லவா, முடிவும் அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

தேர்வாளர் கேட்டார்: "ஊர்ச் சாக்கடை விழுந்தாலும் இதே 23 வருமே, அம்மா?"

வாயடைத்துப் போனேன். அந்தக் குறியீட்டுக்கு அழுகும் பொருள் தெரியும். தோல் கழிவின் அடையாளமான உப்பும் குரோமியமும் தெரியாது. அவற்றைத் தனியே அளக்க வேண்டும். குளோரைடு மிகுந்த நீரில் மெர்குரிக் சல்பேட் சேர்க்காமல் வேதி ஆக்சிஜன் தேவையை (மாசைக் காட்டும் இன்னொரு அளவான COD) பார்த்தால், அந்த எண்ணும் பொய்யாக ஏறும். நீரின் உப்பைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்துதிறன் அளக்கும் கருவி எங்கள் ஆய்வக அலமாரியில்தான் இருந்தது. ஒருநாளும் எடுத்துப் போகவில்லை.