அவன் என் டீம் லீட் ஆகவிருந்தபோது

நான் டெஸ்டர். அவன் டெவலப்பர். அவன் எழுதும் கோடில் பக், அதாவது பிழை, கண்டுபிடித்துப் பதிவு செய்வது என் வேலை. ‘என் மெஷினில் ஓடுகிறதே’ என்பது அவனுடைய முதல் பதில். சென்னை ஓ.எம்.ஆரில், சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி எங்கள் ஆபீஸ். ரிலீஸ், அதாவது சாஃப்ட்வேரை வெளியிடும் நாள், நெருங்கினால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்போம். பழக்கம் அப்படித்தான் வளர்ந்தது, எல்லோருக்கும் வளர்வதுபோல.

அவன் காதலைச் சொல்லிக் கேட்ட விதத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆபீஸ் கேன்டீனில் கேட்கவில்லை, வீட்டுக்குப் போகும் கேபில் கேட்கவில்லை. அந்த இரண்டு இடத்திலும் நான் சட்டென்று எழுந்து போக முடியாது. ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு பெசன்ட் நகர் போயிருந்தபோது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். “இப்பவே பதில் வேண்டாம். இஷ்டம் இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லிடு, மறுபடி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.” நான் பதில் சொல்லச் சில வாரங்கள் ஆயின. அத்தனை நாளும் ஒரு மெசேஜ் கிடையாது, முகம் வாடிக் காட்டியது கிடையாது. பக் வந்தால் பக்கைப் பற்றித்தான் பேசினான். சரி என்று நான் சொன்னதற்கு அதுதான் காரணம்.

விடாமல் துரத்தினால் பெண் மனம் மாறிவிடும் என்று நம் சினிமா காலம் காலமாகச் சொல்லி வருகிறது. ஆபீஸில் அப்படித் துரத்தப்படும் பெண் வேலையை விட்டுத்தான் போகிறாள். என்னோடு சேர்ந்த ஒருத்தி அப்படிப் போனதைப் பார்த்தேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் காதலைத் தடுக்கவில்லை. ஒரு பெண் விரும்பாத பாலியல் நடத்தையைத்தான் துன்புறுத்தல் என்கிறது. 10 பேர் வேலை செய்யும் இடமாக இருந்தாலே உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். இதைச் சொல்லித் தரும் ஆன்லைன் பயிற்சியை வருஷா வருஷம் பாதிப் பேர் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டி முடிப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும்.

எங்கள் விஷயத்தை முதலில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மேனேஜரைப் பற்றிய பயமே கிடையாது, ஊரைப் பற்றிய பயம்தான். இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தவள் எங்கள் விருதுநகர்ப் பெண். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். ஆபீஸில் வாய் திறந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்குப் போய்விடும். அதனால் அம்மாவிடம் நானே சொன்னேன். அந்தக் கதை பெரிது, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அப்புறம்தான் அவனை எங்கள் டீமுக்கே லீட் ஆக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. லீட் என்றால் என் அப்ரைசலை, அதாவது வருஷாந்தர வேலை மதிப்பீட்டை, எழுதுபவன், என் லீவுக்கு அனுமதி தருபவன், என்னை ஆன்சைட், அதாவது வாடிக்கையாளர் இடத்துக்கு, அனுப்பலாமா என்று மேலே சொல்பவன். அன்று ராத்திரி இரண்டு பேரும் போனில் பேசினோம். அவன் நியாயமாக நடந்துகொள்வான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் எனக்கு நல்ல ரேட்டிங் போட்டால் அது என் உழைப்புக்கு வந்தது என்று யார் நம்புவார்கள்? குறைத்துப் போட்டால் நான் அதை வீட்டில் எப்படி எடுத்துக்கொள்வேன்? 2019-இல் மெக்டொனால்ட்ஸ் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் ஓர் ஊழியருடன் இருந்த உறவுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இருவர் சம்மதமும் இருந்த உறவு என்றுதான் அந்த நிறுவனமே சொன்னது. இருந்தும் நீக்கினார்கள். ஒருவர் சம்பளம் இன்னொருவர் கையில் இருக்கும்போது சம்மதம் மட்டும் போதாது என்று நானும் நினைக்கிறேன்.

அறிவிப்பு வருவதற்கு முன்பே இரண்டு பேரும் சேர்ந்து போய் மேனேஜரிடம் சொன்னோம். அவர் நல்லவர். திட்டவில்லை, வாழ்த்தினார். ஆனால் அடுத்து என்னைப் பார்த்து, “அப்போ நீ வேற ப்ராஜெக்ட் பார்த்துக்கறியாம்மா?” என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெண்தான் மாறுவாள் என்று அவருக்கு இயல்பாகவே தோன்றிவிட்டது. எங்கள் டீமின் பேமென்ட் மாட்யூலை, அதாவது பணம் செலுத்தும் பகுதியை, முதல் ரிலீஸிலிருந்து நான் பார்த்து வருகிறேன். எந்த வங்கியின் ஓ.டி.பி. தாமதமாக வரும், ரீஃபண்ட் எங்கே இரண்டு தடவை போகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வேறு இடத்துக்குப் போனால் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும்.

நான் வாய் திறப்பதற்குள் அவன் சொன்னான். “பதவி எனக்கு வருது. மாற வேண்டியதும் நான்தான்.” மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஹெச்.ஆருக்கு அவரே மெயில் போட்டார். எங்கள் இரண்டு பேரையும் அதில் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் ரிப்போர்ட் செய்யும் நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கொண்டுவந்தது எங்களுக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது. பின்னால் மேனேஜர்கள் மாறியபோதும் யாரிடமும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிறுசேரியில் இருக்கும் இன்னொரு டீமுக்கு அவன் லீடாகப் போனான். எங்கள் டீமுக்கு வேறொருவர் வந்தார். அவர் வந்த முதல் ரிலீஸிலேயே ஒரு ரீஃபண்ட் பக்கை ‘ரிலீஸை நிறுத்த வேண்டியது’ என்று குறித்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய வாக்குவாதம். கடைசியில் சிஸ்டத்தில் பதிவான லாக்கை எடுத்துக் காட்டினேன், ரிலீஸைத் தள்ளிவைத்தார்கள். அந்த வருஷ அப்ரைசலில் அவர் முதல் வரியாக எழுதியது அந்த பக்கைப் பற்றித்தான்.