ஆமைக் கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூனிலும் ஆண்டு இறுதியிலும் நீண்ட விடுமுறை. மலேசியாவின் திரங்கானு மாநிலத்துக்கு ஆமைப் பாதுகாப்புத் தொண்டுக்காக மாணவர்களைக் கூட்டிப் போக நினைத்தால் ஜூன்தான் சரி. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று பிடித்துவிட்டால் கடல் கொந்தளிக்கும், தீவுகளுக்குப் படகு ஓடாது, பெரும்பாலான விடுதிகளும் மூடிக் கிடக்கும். பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) முட்டையிடக் கரையேறுவதும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் மிகுதி. டிசம்பருக்கு யாராவது விலை சொன்னால், அந்த மாதத்தில் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று முதலில் கேளுங்கள்.

நம் தமிழ்நாட்டுக் கரையோர மீனவர்கள் பேராமை என்பதை அங்கே பென்யு ஆகார் என்கிறார்கள். நம் ஏழுவரி ஆமை, அதாவது ஓட்டுக்குப் பதில் தோல் மூடிய முதுகுள்ள பெரிய கடலாமை, அங்கே பென்யு பெலிம்பிங். பெலிம்பிங் என்றால் விளிம்பு விளிம்பாக இருக்கும் நட்சத்திரப் பழம். முதுகில் ஓடும் வரிகளைப் பார்த்துத்தான் இரு கரைக்காரர்களும் பெயர் வைத்திருக்கிறார்கள். திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையில் 1950களில் ஏழுவரி ஆமைகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் முறை அளவுக்கு முட்டையிட்டன. இன்று அந்தக் கரையில் அவை ஏறுவதே இல்லை என்று சொல்லும் நிலை. முட்டைகளை விற்பனைக்கு அள்ளியதும் மீன்பிடி வலைகளும் பெரிய காரணங்கள். பொரிப்பகம் (முட்டைகளை எடுத்துவந்து புதைத்துப் பொரிக்கவிடும் இடம்) வைத்தும் அவற்றைக் காக்க முடியவில்லை. வெயில் சுட்ட மணலில் புதைத்த முட்டைகளிலிருந்து ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சுகளாக வந்ததை 1980களில்தான் கண்டுபிடித்தார்கள். கடலாமைக்குப் பாலினத்தை முடிவு செய்வது மணலின் வெப்பம். சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும், கீழே இறங்கினால் ஆண் குஞ்சுகள் கூடும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு திட்டம் நல்லதா என்று அறிய, அங்கே முட்டைகளை என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் போதும். இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் காப்பது முதல் தரம். ரெடாங் தீவின் சாகார் ஹுத்தாங் கரையில் திரங்கானு பல்கலைக்கழக ஆய்வுக் குழு 1993 முதல் அப்படித்தான் செய்துவருகிறது. அலை ஏறும் இடம், திருட்டு நடக்கும் இடம் என்றால் பொரிப்பகத்துக்கு மாற்றலாம். அப்போது நிழல் இருக்கிறதா, மணலின் வெப்பத்தை அளக்கிறார்களா, ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் 1 மீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சுகளைத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்திருந்து, வந்தவர்கள் கையில் கொடுத்துக் கடலில் விடச் சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம். மணலிலிருந்து வெளியே வந்த குஞ்சிடம் மஞ்சள்கருவின் மிச்சத்திலிருந்து கிடைக்கும் தெம்பு மட்டும்தான் இருக்கிறது. கரையோரத்து மீன்களிடமிருந்து தப்பி ஆழ்கடல் சேர, முதல் ஒரு நாள் விடாமல் நீந்துவதற்கு அது. தொட்டிச் சுவரை முட்டி முட்டியே அந்தத் தெம்பு தீர்ந்துவிடும்.

இரவு வேலை எப்படி நடக்கும் என்று பிள்ளைகளுக்கு ஊரிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ரோந்து மாலை எட்டு மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை போகும். மூன்று முறையாகப் பிரித்து, ஒரு முறைக்கு ஆறு மாணவர், ஒரு ஆசிரியர், ஒரு திட்டக் காவலர் என்று வைத்தால் சமாளிக்கலாம். கறுப்பு அல்லது கருநீல உடை, முழுக்கை. சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் காவலர் சொல்லும்போது மட்டும். எல்லோரும் கோட்டை விடுவது கைப்பேசியில்தான். மணி பார்க்க ஒரு பிள்ளை திரையைத் தட்டினால் போதும், கரையேறிக்கொண்டிருந்த ஆமை திரும்பிப் போய்விடும். அதனால் கைப்பேசிகளை விடுதியிலேயே ஒரு பையில் போட்டுப் பூட்டுங்கள். மணி பார்க்க ஆசிரியர் கையில் ஒரு கடிகாரம் போதும்.

ஆமை ஏறியதும் யாரும் அசையக் கூடாது. முதலில் முன்துடுப்புகளால் மணலை வாரி இறைத்து, உடம்பு இறங்கும் அளவுக்குப் பள்ளம் பறிக்கும். பிறகு பின்துடுப்புகளால் முட்டைக் குழி. இதை மட்டும் பிள்ளைகள் ஒருமுறை கூர்ந்து பார்க்கட்டும். ஒரு துடுப்பு அகப்பைபோல் குழிந்து மணலை அள்ளி மேலே கொண்டுவந்து ஓரமாக வைக்கும், மற்றது முன்னால் கிடக்கும் மணலைத் தட்டிவிடும். மாறி மாறி, கண்ணால் பாராமலே, முழங்கை ஆழத்துக்கு மேல் குடம்போல் ஒரு குழி. இந்த நேரத்தில் தொந்தரவு செய்தால் குழியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு, பின்பக்கமாகத் தவழ்ந்து நெருங்கலாம். இரண்டும் மூன்றுமாக, பிங்பாங் பந்து அளவில் நூறு முட்டைகள் வாக்கில் இடும். கண்ணிலிருந்து கெட்டியாக நீர் வழியும். வலியில் அழுகிறது என்று பிள்ளைகள் கலங்குவார்கள். உடம்பில் சேர்ந்த உப்பைச் சுரப்பி வெளியேற்றுகிறது, கடலுக்குள்ளும் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது என்று முன்பே சொல்லிவையுங்கள்.

அளப்பதும் துடுப்பில் அடையாள உலோக வில்லை மாட்டுவதும் பயிற்சி பெற்ற காவலரின் வேலை. மாணவர்கள் எண்களைப் படிவத்தில் எழுதலாம், நாடாவின் மறுமுனையைப் பிடிக்கலாம், முட்டைகளை எண்ணலாம். முட்டையை இடம் மாற்ற வேண்டியிருந்தால் நேரக் கணக்கு கடுமை. இட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் புதைத்துவிடுவது நல்லது. ஆறு மணி நேரம் போனால், கரு ஓட்டின் உள்தோலில் ஒட்டத் தொடங்கிவிடும். அதன்பின் முட்டை புரண்டால் கரு செத்துவிடும். பக்கெட்டை ஆட்டாமல் தூக்கி வருவதற்கு இதுதான் காரணம். கொசு மருந்து பூசிய கையோடு முட்டையைத் தொடவே கூடாது. கையுறை போட்டுக்கொள்ளும் பிள்ளை மருந்தைக் கணுக்காலில் மட்டும் பூசட்டும், அதையும் இன்னொருவர் பூசிவிடட்டும். மணல்பூச்சிக் கடி மோசமாக இருக்கும். நீளக் காலுறை மருந்தைவிட நன்றாகக் காக்கும்.

பகலில் செய்யும் வேலையில் அழகு எதுவும் இல்லை, ஆனால் அதுதான் மாணவர்கள் உண்மையாக உதவக்கூடிய வேலை. குஞ்சுகள் வெளியேறி இரண்டு மூன்று நாள் கழித்துக் குழியைத் தோண்டிக் கணக்கெடுப்பார்கள். கசங்கிய காகிதம்போல் வெள்ளை ஓடுகள், பொரியாத முட்டைகள், பாதி வழியில் செத்த குஞ்சுகள், சில குழிகளில் புழு. நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒரே ஓடு நாலு துண்டாகக் கிடந்தால் நாலாக எண்ணிவிடுவது வழக்கமான தவறு. பாதிக்கு மேல் முழுதாக இருக்கும் துண்டை மட்டும் ஒன்று என்று எண்ணி, பத்துப் பத்தாக அடுக்கினால் தப்பு வராது. உடும்பு தோண்டாதபடி புதுக் குழிகளின் மேல் வலை பதிப்பது, கரையில் ஒதுங்கிய கயிறும் வலைத்துண்டும் பொறுக்குவது, இவையும் உண்டு.

பயணத்தில் ஒரு பெயர்க் குழப்பம். ரெடாங் படகுத்துறை மெராங். கபாஸ் தீவுக்குப் போகும் துறை மாராங். மெராங் மாநிலத் தலைநகர் கோலா திரங்கானுவுக்கு வடக்கே, மாராங் தெற்கே. பேருந்து ஓட்டுநரிடம் வாயால் சொன்னால் தவறான ஊரில் இறங்குவீர்கள், எழுதிக் கொடுங்கள். திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அனுமதிக் கடிதத்துக்கு அரசு அலுவலகத்தை அழைப்பதென்றால் வியாழக்கிழமைக்குள் அழையுங்கள். விரைவுப்படகில் முன்வரிசை அதிகம் தூக்கிப் போடும். முதுகு வலி, வாந்தி உள்ள பிள்ளைகளைப் பின்னால் உட்காரவையுங்கள். இரவில் தீவிலிருந்து படகு கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஆஸ்துமா பிள்ளைகளுக்கு இன்ஹேலர் இரண்டு, ஒன்று ஆசிரியர் பையில். காப்பீட்டில் படகு வழி மருத்துவ வெளியேற்றம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமையோ மலேசியக் குடியுரிமையோ இல்லாத மாணவர்கள் மலேசிய இணைய வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும்.

கட்டணத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உணவு, தங்குமிடம், படகு போக எவ்வளவு காவலர் சம்பளத்துக்குப் போகிறது என்பதுதான் முக்கியம். திரங்கானுவில் எல்லா வகை ஆமை முட்டை விற்பனைக்கும் தடை வந்தது 2022இல்தான். அதுவரை முட்டை எடுத்துப் பிழைத்தவர்களுக்குக் கரையைத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் திட்டத்துக்குத் தயங்காமல் பணம் கட்டலாம்.

சென்னையிலிருந்து கிளம்பும் பள்ளிகள் ஒரு முன்பயிற்சி செய்யலாம். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நம் கரையில் பங்குனி ஆமைகள் என்னும் சிறு கடலாமைகளுக்காக இரவு நடை நடத்துகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு சனிக்கிழமை இரவு நடந்து பார்த்தால், எந்தப் பிள்ளைக்கு இருட்டும் தூக்கமின்மையும் ஒத்துவராது என்று தெரிந்துவிடும்.

திரும்பும் முன் ஒரு குழியின் எண்ணை வாங்கி வாருங்கள். பேராமை முட்டை பொரிக்க 50 முதல் 60 நாள். ஜூன் 10 இரவு இட்டதென்றால் ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் 9க்குள் பொரித்துவிடும், கணக்கு அதற்குச் சில நாள் கழித்து வரும். அந்தக் குழியில் எத்தனை பொரித்தது, எத்தனை பொரிக்கவில்லை என்று திட்டக்காரர்கள் அனுப்புவதை வகுப்புப் பலகையில் எழுதிப்போடுங்கள்.